ஒரு ராத்திரி பழைய ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் நான் ரொம்பவும் பெருமைப்பட்ட வரைபடம் ஒன்று உண்டு. ஆண்குறிப் புற்றுநோய் உள்ளவர்களின் கட்டியிலும் ரத்தத்திலும் நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். பாலுறவில் தொற்றும் ஹெச்பிவி வைரஸ் இல்லாத கட்டி உள்ளவர்களின் ரத்தத்தில், லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் உள்ளிட்ட வெள்ளையணுக்கள்) மிதக்கும் அடுக்கிலேயே கிரானுலோசைட்டுகளும் (நியூட்ரோஃபில் முதலான வேறு வெள்ளையணுக்கள்) கூட்டமாக வந்து நின்றன. நோயோடு சண்டை போடும் டி செல்களை அடக்கிவைக்கும் எம்டிஎஸ்சி என்ற வகையின் சாயல் அவற்றுக்கு இருந்தது. வைரஸ் உள்ள கட்டிக்காரர்களிடம் அவ்வளவாக இல்லை. ஒரே புற்றுநோய், இரண்டு வேர்கள், இரண்டு விதமான ரத்தம். வாராந்திரக் கூட்டத்தில் காட்டியபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி மட்டும் கடைசியில் கேட்டாள்.

"அண்ணா, மேல நிக்கிற அஞ்சு சாம்பிளும் எப்ப வந்தது?"

பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்தும் வேறொரு மருத்துவமனையில் மாலையில் எடுக்கப்பட்டு மறுநாள் காலை எங்கள் மேசைக்கு வந்தவை. மற்றவை எல்லாம் எங்கள் கட்டடத்திலேயே எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்தவை.

விஷயம் புரிய எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஏற்றுக்கொள்ளத்தான் ஒரு வாரம் ஆனது. ரத்தத்தை ஃபிகால் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், அந்தத் திரவத்தின் அடர்த்தியான 1.077 என்ற கோட்டை வைத்துச் செல்கள் பிரியும். லிம்ஃபோசைட்டும் மோனோசைட்டும் மேலே வெள்ளைப் படலமாக நிற்கும். நியூட்ரோஃபில்கள் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். புது ரத்தத்தில் இப்படி. ஒரு ராத்திரி குழாயில் கிடந்த ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் தூண்டப்பட்டு, அடர்த்தி குறைந்து, மூழ்க வேண்டியவை மிதக்கத் தொடங்கிவிடும். நான் கண்டுபிடித்தது புற்றுநோயின் குணம் இல்லை, பேருந்துப் பயணத்தின் குணம். வெளியிலிருந்து வந்த ஐந்து பேருக்கும் வைரஸ் இல்லாமல் இருந்தது தற்செயல். எண்ணிக்கை சிறியதாக இருக்கும்போது தற்செயலுக்கு நல்ல மேக்கப் கிடைத்துவிடுகிறது.

இந்த நோயில் இப்படி ஏமாறுவது சுலபம். காரணம் அது அரிது. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 36,000 பேருக்கு வருகிறது என்பது 2020 கணக்கு. ஒரே மருத்துவமனையில் போதுமான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். பல இடங்களிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும். பல இடம் என்றால் பல கடிகாரம், பல கைகள், பல வகைக் குழாய். ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாயும் இடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயும் ஒரே ஆய்வில் கலந்து வந்ததும் எங்களுக்கு நடந்திருக்கிறது. அதனால் இதே வேலையில் இறங்கப்போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, செல்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளின் பட்டியல் அல்ல. பதிவேட்டில் மூன்று நேரங்களுக்கு இடம் விடுங்கள்: ஊசி குத்திய நேரம், கைக்கு வந்த நேரம், சென்ட்ரிஃபியூஜ் நின்ற நேரம். இந்த மூன்றும் இல்லாத சாம்பிளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். நான் அந்த ஐந்தையும் எடுத்துப்போட்டதும் வரைபடம் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

நோயைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்குறிப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 95 சதவீதம் ஸ்குவாமஸ் செல் வகை, அதாவது தோலின் மேலடுக்குச் செல்களிலிருந்து கிளம்புவது. அவற்றில் பாதியளவில் ஹெச்பிவி இருக்கிறது, அதிலும் 16ஆம் வகைதான் முன்னணி. மீதிப் பாதிக்குப் பின்னால் முன்தோல் பின்னுக்கு வராத நிலை, வருடக்கணக்கான அழற்சி, லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற வெளுத்துத் தடிக்கும் தோல் நோய், புகைப்பழக்கம் இவையெல்லாம் நிற்கின்றன. உலக சுகாதார அமைப்பின் 2022 வகைப்பாடு இந்த இரண்டையும் தனித்தனியாகவே பிரிக்கிறது. எங்களுக்கு இந்தப் பிரிவு உயிர்நாடி. வைரஸ் உள்ள கட்டி இ6, இ7 என்ற அந்நியப் புரதங்களைச் செய்துகொண்டே இருக்கும், டி செல்லுக்கு அவை வெளியாள் என்று தெரியும். வைரஸ் இல்லாத கட்டியில் அந்த வசதி கிடையாது, மரபணுப் பிழைகளால் மாறிப்போன சொந்தப் புரதங்களைத்தான் டி செல் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் எதுவும் மிஞ்சாது. பி16 என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்ப்பது வைரஸை ஊகிக்க எளிய வழி: இ7 புரதம் ஆர்பி என்ற காவல் புரதத்தைச் செயலிழக்க வைப்பதால் பி16 ஏகத்துக்கும் குவியும். அந்த முடிவு வரும்வரை எந்த ஒப்பீட்டையும் தொடங்க மாட்டேன் என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கட்டிக்கு வருவோம். ரத்தத்தைவிட அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

முதன்முதலில் எனக்கு வந்த கட்டித் துண்டு ஃபார்மலினில் மூழ்கி வந்தது. அறுவை அரங்கில் இருந்தவர்கள் வழக்கப்படி செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபார்மலின் பட்ட செல் சாயமேற்றி ஸ்லைடில் பார்க்கத்தான் உதவும், உயிரோடு பிரித்தெடுக்க முடியாது. அடுத்த முறை நானே காலையில் போய், குளிர்ந்த ஊடகம் நிரப்பிய குழாயை சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மூடியில் பெரிய எழுத்தில் "ஃபார்மலின் வேண்டாம்" என்று ஒட்டினேன். பார்க்க அசடு மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்தது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: துண்டு எடுக்கும் முதல் உரிமை நோயியல் மருத்துவருக்குத்தான். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டிய விளிம்பு சுத்தமா என்பதைத்தான் நோயாளியின் அடுத்த சிகிச்சை நம்பியிருக்கிறது. நம் ஆராய்ச்சி அவர் தாராளமாக விட்ட மிச்சத்தில் நடக்கிறது. அவரோடு நட்பாக இருங்கள். எந்த இடத்திலிருந்து வெட்டினார் என்பதை ஒரு சின்னப் படம் வரைந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் எடுத்ததா, ஓரத்தில் எடுத்ததா என்பதைப் பொறுத்து டி செல் எண்ணிக்கை தலைகீழாக மாறும்.

இந்தக் கட்டி மற்ற உறுப்புக் கட்டிகள் மாதிரி பதுங்கி இருப்பதில்லை. வெளியே இருக்கிறது, பெரும்பாலும் புண்ணாகியிருக்கிறது, பாக்டீரியா குடியிருக்கிறது. மேல்பகுதி செத்த திசு. அதை அப்படியே நறுக்கிக் கரைத்தால் கிடைப்பது செத்த செல்களின் கஞ்சி. ஆன்டிபயாடிக் கலந்த கரைசலில் மூன்று முறை அலசி, மேல் அடுக்கைச் சீவி எறிந்து, உயிருள்ள உள்பகுதியை மட்டும் எடுப்பது என்று பழகிக்கொண்டேன். துண்டு பாதியாகக் குறையும்போது வயிறு எரியும். எரியட்டும்.

அப்புறம் கெரட்டின். நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே பொருள். நன்கு முதிர்ந்த ஸ்குவாமஸ் கட்டி உள்ளேயே கெரட்டின் முத்துகளை உருட்டி வைத்திருக்கும். இவை, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவற்றின் ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் மெல்லிய குழாயை அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், எந்த ஆன்டிபாடியும் ஒட்டாமல் தானாகவே ஒளிரும். ஒருநாள் எல்லா நிறத்திலும் ஒளிரும் அபூர்வமான செல் கூட்டம் ஒன்றைப் பார்த்து வாயைப் பிளந்தேன். பார்த்தது கெரட்டின் தூள். சாயமே போடாத ஒரு குழாயை ஒவ்வொரு கட்டியிலிருந்தும் ஓடவிட்டுப் பார்க்காததால் வந்த வினை. இரண்டு முறை வடிகட்டுவது, செத்த செல்லைக் காட்டும் சாயத்தைக் கட்டாயம் போடுவது, சிடி45 என்ற மேற்புரதத்தை வைத்து வெள்ளையணுக்களை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வது. இவற்றுக்குப் பிறகுதான் பாக்கி எல்லாம்.

நொதி விவகாரம் தனிக்கதை. திசுவின் நார்களைக் கரைக்க கொலாஜினேஸ் மாதிரி நொதிகளை 37 டிகிரியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைப்போம். ஒரு மாதம் எங்கள் கட்டிகளில் சிடி4 டி செல்கள், அதாவது மற்றச் செல்களுக்கு உதவும் டி செல்கள், அநேகமாக இல்லவே இல்லை. ரத்தத்தில் தாராளம். கட்டி உதவிச் செல்களை உள்ளேயே விடுவதில்லை போலிருக்கிறது என்று ஒரு கதையும் தயாராகிவிட்டது. நல்லவேளையாக, ஏற்கெனவே சூடுபட்ட பூனை நான். அதே நோயாளியின் ரத்தச் செல்களில் கொஞ்சம் எடுத்து, கட்டிக்குப் போட்ட அதே நொதியில், அதே நேரம் ஊறவைத்துச் சாயமேற்றினேன். அங்கேயும் சிடி4 காணாமல் போனது! புதிதாக வாங்கிய நொதிக் கலவை செல்லின் மேலிருந்த சிடி4 புரதத்தையே கத்தரித்துக்கொண்டிருந்திருக்கிறது. செல் இருக்கிறது, அதன் அடையாள அட்டை இல்லை. கட்டியையும் ரத்தத்தையும் ஒப்பிடுபவர்கள் யாராக இருந்தாலும் இந்த ஒரு காரியத்தை மட்டும் செய்துவிடுங்கள்: ரத்தச் செல்களில் ஒரு பங்கை நொதியில் ஊறவைத்து அதையும் கூடவே ஓட்டுங்கள். ஆகும் செலவு ஒரு குழாய் சாயம்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு மிஞ்சியது என்ன என்று கேட்டால், வரைபடம் போல் அழகாக இல்லாவிட்டாலும், மிஞ்சியவை திரும்பத் திரும்ப வந்தன. கட்டிக்குள் இருக்கும் சிடி8 செல்களில், அதாவது கொல்லும் டி செல்களில், பெரும்பாலானவை ஏற்கெனவே சண்டை கண்டவை. பிடி-1 என்ற தடைப் புரதம் அவற்றில் நிறைய. அதே ஆளின் ரத்தத்தில் அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். ஃபாக்ஸ்பி3 உள்ள ஒழுங்குமுறை டி செல்கள், அதாவது மற்ற டி செல்களை அமைதிப்படுத்துபவை, கட்டிக்குள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பெரிய பங்கில் உட்கார்ந்திருக்கின்றன. (இந்தச் செல்களுக்காகத்தான் 2025 மருத்துவ நோபல் போனது. அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் டீ என் செலவு.) செத்ததை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் பல, சிடி163 என்ற புரதம் அணிந்த சமாதான வகை. ரத்தத்தைப் பார்த்துக் கட்டியை ஊகிக்க முடியாது என்பது எனக்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக உறைக்கிறது. ரத்தம் நெடுஞ்சாலை, கட்டி ஒரு ஊர். சாலையில் போகிற வண்டிகளை எண்ணி ஊருக்குள் என்ன சண்டை என்று சொல்ல முடியுமா?

பிடி-1 பற்றி ஓர் எச்சரிக்கை. அது இருந்தாலே செல் சோர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சுறுசுறுப்பாக வேலை செய்யும் டி செல்லும் பிடி-1 அணியும். டிம்-3, லேக்-3, சிடி39 போன்ற வேறு மேற்புரதங்களையும் கூட வைத்துப் பார்த்தால்தான் சோர்வைப் பற்றிப் பேசலாம். அதேபோல் கட்டிக்குள் இருப்பதால் மட்டுமே ஒரு டி செல் கட்டியோடு சண்டை போடுகிறது என்று அர்த்தமில்லை. சளிக் காய்ச்சல் வைரஸையும் எப்ஸ்டீன் பார் வைரஸையும் அடையாளம் காணும் செல்கள் சும்மா வழிப்போக்கர்களாகக் கட்டிக்குள் திரியும். அவற்றில் சிடி39 பெரும்பாலும் இருக்காது. இது தெரியாமல் நான் எழுதிய பழைய அறிக்கைகளைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

சதவீதமும் ஒரு பொறி. ஒரு கட்டியில் டி செல் 60 சதவீதம், இன்னொன்றில் 20 என்றால் முதலாவதில் அதிகம் என்று தோன்றும். இரண்டாவதில் புண் காரணமாக நியூட்ரோஃபில் குவிந்திருந்தால், டி செல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். துண்டை எடை போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஒரு கிராமுக்கு எத்தனை செல் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம் இடம் சம்பந்தப்பட்டது. கரைத்த திசுவில் யார் எங்கே இருந்தார்கள் என்பது அழிந்துவிடுகிறது. ஸ்லைடில் பார்த்தால்தான், எண்ணிக்கையில் ஏராளமாக இருந்த சிடி8 செல்கள் கட்டிக் கூட்டுக்குள் நுழையாமல் சுற்றியுள்ள நார்த்திசுவில் வரிசையாக நிற்பது தெரிந்தது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஓரத்தை இப்போது நானே ஃபார்மலினில் போடுகிறேன். முதல் நாள் கோபப்பட்ட அதே ஃபார்மலின்.

"பக்கத்துச் சாதாரணத் தோல்" என்று ஒப்பீட்டுக்கு எடுக்கும் துண்டையும் நம்பாதீர்கள். வைரஸ் இல்லாத வகையில் அந்தத் தோல் பலமுறை லைக்கன் ஸ்க்ளீரோசஸ் பாதித்த தோல். அந்த நோயிலேயே மேல்தோலுக்குக் கீழே லிம்ஃபோசைட்டுகள் பட்டை போல் அடுக்கியிருக்கும். அதைச் சாதாரணம் என்று எடுத்துக்கொண்டால் கட்டியில் டி செல் குறைவு என்று தோன்றும்.

ரத்தம் எடுக்கும் விஷயத்தில் நான் கற்றவை சின்னச் சின்னவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் சில சாம்பிள்களைப் பலி கொடுத்திருக்கிறேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் எடுங்கள், அறுவை தொடங்கிய பின் உடலின் அழுத்தம் எண்ணிக்கைகளைக் கலைத்துவிடும். ஸ்டீராய்டு ஒரு டோஸ் போனாலே நியூட்ரோஃபில் ஏறி லிம்ஃபோசைட் இறங்கும். டி செல்கள் இரவில் ரத்தத்தில் அதிகம், பகலில் குறைவு, அதனால் எல்லோரிடமும் காலையிலேயே எடுப்பது என்று வைத்துக்கொள்வது நல்லது. ரத்தக் குழாயை ஐஸில் வைக்காதீர்கள், அறை வெப்பத்தில் வரட்டும். கட்டிதான் குளிரில் வர வேண்டும். இதை மாற்றிச் செய்யாத கூரியர் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஃபிகால் சுழற்சி முடியும்போது சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்து வையுங்கள், படலம் கலையாது. உறைய வைத்து எல்லோரையும் ஒரே நாளில் ஓட்டலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். டி செல்களுக்கு அது சரி, நியூட்ரோஃபில் குடும்பம் உறைவிலிருந்து மீளாது. அதனால் 100 மைக்ரோலிட்டர் முழு ரத்தத்தை வந்த உடனேயே தனியாகச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பிரித்து உறைய வைக்கிறோம். கிரானுலோசைட் பற்றி எதைச் சொன்னாலும் இப்போது அந்த 100 மைக்ரோலிட்டரை வைத்துத்தான்.

நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்கும் வேலையும் சில மாதம் என் தலையில் விழுந்தது. மேசை வேலையைவிடக் கடினம். உறுப்பின் பெயரைச் சொல்லவே நான் தயங்கியதை முதல் வாரத்தில் ஒரு முதியவர் கண்டுபிடித்துவிட்டார். "எனக்கு வந்த இடம் எனக்குத் தெரியும் தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர். அவர் தன் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "இதுல நியூட்ரோஃபில் ஏறிப்போயிருக்கு, லிம்ஃபோசைட் கம்மி. பரவிடுச்சா?" என்று கேட்டார். அந்த இரண்டின் விகிதம் அதிகமாக இருப்பவர்களுக்கு நோய் மோசமாகப் போகிறது என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. யாரோ அதை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் புண்ணில் சீழ் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த விகிதம் ஏறத்தான் செய்யும். கூட்டத்துக்குப் பொருந்தும் எண்ணை ஓர் ஆளின் ஜாதகமாகப் படிக்கக் கூடாது. "ஐயா, இந்தத் தாள் அதைச் சொல்லாது. இடுப்பு மடிப்பில் இருக்கும் நிணநீர்க் கணுக்களைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள், பதில் அங்கேதான்" என்றேன். இந்த நோய் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். கையில் தட்டுப்படுகிற கணு எல்லாம் புற்றும் இல்லை, தட்டுப்படாதது எல்லாம் சுத்தமும் இல்லை. தொற்றினாலும் கணு வீங்கும். அதைச் சோதித்து முடிவு செய்ய வேண்டியது மருத்துவர். ஆறாத புண்ணோ தடிப்போ நிறமாற்றமோ சில வாரம் தாண்டினால் களிம்பை நிறுத்திவிட்டு அவரிடம் காட்டுங்கள் என்று இதைப் படிக்கும் ஆண்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

"சரி, என் ரத்தத்தால எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றும் கேட்டார். நேரடியாக ஒன்றுமில்லை என்று சொன்னேன். இந்தக் கட்டிகளில் சுமார் 40 முதல் 60 சதவீதம் பிடி-1ஓடு பொருந்தி டி செல்லை அடக்கும் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டுகின்றன, பிடி-1 தடையை நீக்கும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சிலருக்குத்தான் கேட்கிறது, யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே அறியத்தான் இந்த வேலை என்று விளக்கினேன். கட்டிக்குள்ளிருந்து டி செல்களை எடுத்து வெளியே பெருக்கித் திரும்பச் செலுத்தும் முறை 1988இல் அமெரிக்காவின் ரோசன்பெர்க் குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் காட்டியது, அமெரிக்காவில் அதற்கு மருந்தாக அனுமதி கிடைத்தது 2024இல். முப்பத்தாறு வருடம். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நிணநீர்க் கணுத் துண்டுகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. கட்டி, ரத்தம், கணு என்று ஒரே ஆளிடமிருந்து மூன்று குழாய். கணுவுக்குக் கொலாஜினேஸ் கிட்டத்தட்ட தேவையில்லை, வலைத்துணியில் மெதுவாகத் தேய்த்தாலே செல்கள் உதிர்ந்துவிடும். அப்படியானால் கட்டி நொதியில் ஊறியது, கணு ஊறாதது. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? கணுச் செல்களையும் ஒரு பங்கு நொதியில் ஊறவைத்து ஓட்ட வேண்டும் என்று அந்தப் பெண், இப்போது அவள்தான் எங்கள் மேசையில் சீனியர், பதிவேட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.